விழாக்கால அன்பளிப்பும் அதன் விலையும்: ஒரு வரலாற்று நோக்கு

கொடுத்தலும் பெறுதலும் மக்கட் சமுதாயத்தைப் பண்டு தொட்டுப் பிணைத்து வருவன. பிரெஞ்சு நாட்டு அறிஞராகிய மார்செல் மோஸ், 1925ஆம் ஆண்டில் வெளிவந்த கொடை பற்றிய தம் ஆராய்ச்சியிலே, கொடையொடு மூன்று கடப்பாடுகள் ஒட்டியுள்ளன என்று காட்டினார். கொடுத்தல் ஒன்று, கொடுத்ததை ஏற்றல் மற்றொன்று, ஏற்றதற்கு ஈடாக மீளக் கொடுத்தல் பிறிதொன்று. மனமுவந்து அளிப்பதாகத் தோன்றும் அன்பளிப்பின் அடியில் இங்ஙனம் ஒரு கட்டாயமும் மறைந்து கிடக்கின்றது. அக்கட்டாயம் அளவோடு நிற்குமளவும் உறவு வளரும். அளவு கடந்தவிடத்து அதுவே சுமையாகும்.

இச்சுமை பெரிதும் புலப்படுங் காலம் விழாக்காலமாம். ஆண்டிறுதியிலும் ஆண்டுப் பிறப்பிலும் அன்பளிப்பு வழங்கும் வழக்கம் மேனாட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறுடையது. அவ்வரலாற்றிலே இவ்வழக்கத்தைக் கண்டித்தோரும் இடையறாது தோன்றியுள்ளனர். அவரை உலோபிகள் என்று ஒதுக்கிவிடல் பொருந்தாது. அவருட் சிறந்தோர் எழுப்பிய வினா ஒன்றே: இக்கொடையின் விலையை உண்மையிற் செலுத்துபவர் யார்? உரோமிலே அதற்கு ஒரு விடை கிடைத்தது. நியூயோர்க்கிலே மற்றொரு விடை கிடைத்தது. நம் காலத்திலே மூன்றாவது விடையொன்று கிடைத்துள்ளது. இம்மூன்றையும் முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமரின் மெழுகுதிரி

உரோமர் விதைப்புக்குரிய தெய்வமாகக் கருதிய சற்றுர்னுஸ் என்பார்க்கு டிசம்பர் 17ஆந் திகதி எடுத்த விழா சற்றுர்னாலியா எனப்பட்டது. தொடக்கத்தில் ஒரு நாள் விழாவாயிருந்த இது, காலஞ் செல்லச் செல்லப் பல நாள் விழாவாக நீண்டது. அந்நாள்களில் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. அடிமைகள் தம் தலைவரோடு விருந்துண்டனர். நண்பரும் உறவினரும் ஒருவர்க்கொருவர் மெழுகுதிரிகளையும் களிமண்ணாற் செய்த சிறு பாவைகளையும் வழங்கினர். எளிய பொருள்களே எனினும், குளிர்காலத்து நீண்ட இரவிலே மெழுகுதிரியின் மதிப்பு நாம் எண்ணுவதினும் பெரிதாயிருந்திருக்கும்.

இம்மெழுகுதிரி வழக்கத்துக்கு மக்ரோபியஸ் என்னும் பிற்கால உரோம அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. உரோம சமுதாயத்திலே செல்வர் புரவலராகவும் எளியோர் அவரைச் சார்ந்து வாழ்வோராகவும் இருந்தனர். புரவலர் பலர் பேராசை மிக்கு, விழாவைச் சாட்டாகக் கொண்டு, தம்மைச் சார்ந்தோரிடம் அன்பளிப்புகளைக் கேட்டுப் பெறலாயினர். அச்சுமை வறியோரைப் பெரிதும் வருத்திற்று. அதுகண்டு, பொதுமக்களின் உரிமை காக்கும் திரிபியூன் பதவியிலிருந்த பப்ளிசியஸ் என்பவர், தம்மினுஞ் செல்வராயினார்க்கு மெழுகுதிரியன்றிப் பிறிதொன்றும் அனுப்பலாகாது என்று சட்டஞ் செய்தனராம்.

இச்சட்டத்தின் நுட்பம் கருதத்தக்கது. பப்ளிசியஸ் கொடையைத் தடுத்தாரல்லர். கொடை நின்றால் உறவும் முறியும் என்பதை அவர் அறிந்திருத்தல் கூடும். ஆகவே கொடையை இருக்கவிட்டு, அதன் அளவை மாத்திரம் யாவர்க்கும் இயலும் எல்லைக்குட் கொணர்ந்தார். கீழோரிடமிருந்து மேலோருக்குச் செல்லும் அன்பளிப்பிலேதான் கட்டாயம் பெரிதும் ஒளிந்திருக்கும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். அவர் தெரிந்தெடுத்த பொருளோ எரிந்து ஒளிதந்து, பின் எஞ்சாது மறைவது. அன்பளிப்பின் விலையைச் செலுத்துபவன் அதனைக் கொடுக்கும் ஏழையே என்பது உரோம் தந்த விடையாம்.

எனினும், செல்வம் பெருகிய பேரரசுக் காலத்திலே இவ்வெளிமை நிலைக்கவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வாழ்ந்த மார்ஷியல் என்னும் புலவர், விழாக்கால அன்பளிப்புகளைப் பொருளாகக் கொண்டு இரண்டு நூல்கள் இயற்றினார். அவற்றிலே ஒவ்வொரு பொருளுக்கும் ஈரடிச் செய்யுள் ஒன்று உண்டு. எழுதுபலகை, சீப்பு, விளக்கு, பல்லுக்குச்சி முதலாய எளிய பொருள்களும் விலையுயர்ந்த பொருள்களும் இரண்டாம் நூலில் மாறிமாறி வருகின்றன. உரோமின் அங்காடித் தெருவையே அந்நூலிற் காணலாம்.

மார்ஷியல் வேறொரு செய்யுளிலே, உம்பர் என்பவன் ஐந்து நாள் விழாவிலே தான் பெற்ற பொருள்கள் அனைத்தையும் தமக்குத் தள்ளிவிட்டதை எள்ளி நகையாடுகின்றார். எழுதுபலகைகள், பல்லுக்குச்சிகள், பஞ்சு, துவாலை, அவரை, ஒலிவக்காய்க் கூடை எனப் பல சில்லறைப் பொருள்களை எட்டு அடிமைகள் சுமந்து வந்தனர். அவற்றின் மொத்த மதிப்போ மிகச் சிறிது. ஒருவர்க்கும் வேண்டாத பொருள் வீட்டுக்கு வீடு கைமாறித் திரியும் வழக்கம் புதியதன்று என்பதற்கு இச்செய்யுள் சான்றாம். கையிற் காசில்லாதவன் அன்பளிப்புப் பொருளுக்குப் பதிலாகத் தம் ஈரடிச் செய்யுள்களையே நண்பர்க்கு அனுப்பலாம் என்றும் மார்ஷியல் கூறுகின்றார். நகையாகக் கூறினாரேனும், சுமையில்லா அன்பளிப்பொன்றை அவர் சுட்டிவிட்டார் எனலாம்.

ஆண்டுப் பிறப்பும் அரசரும்

சற்றுர்னாலியாவைப் போலவே சனவரி முதல் நாளும் உரோமர்க்கு அன்பளிப்பு நாளாயிருந்தது. அன்று வழங்கிய பொருளை அவர் ‘ஸ்திரேனா’ என்றனர். பேரீச்சம் பழம், அத்திப்பழம், தேன் முதலிய இனிய பொருள்களை அவர் நன்னிமித்தமாக வழங்கினர். அவற்றோடு சிறு நாணயமும் சேர்ந்தது. சித்திரைப் புத்தாண்டில் நம் பெரியோர் வழங்கும் கைவிசேடத்தை அறிந்தோர்க்கு இவ்வழக்கம் எளிதில் விளங்கும். ஒவிட் என்னும் புலவர் தம் பஞ்சாங்கக் காப்பியத்திலே, நாணயம் எதற்கென்று வினவிய தமக்குத் தெய்வமே நகைத்து விடைதருவதாகப் பாடியுள்ளார். தேனினும் காசு இனிது என்று மக்கள் கருதத் தொடங்கிவிட்ட காலம் அது.

அக்காலத்துப் பேரரசர் மூவர் இவ்வழக்கத்தைக் கையாண்ட முறையைச் சுவெத்தோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். மக்கள் தமக்களித்த புத்தாண்டுக் காசைக் கொண்டு ஒகஸ்தஸ் தெய்வத் திருவுருவங்களை வாங்கி நகரின் பகுதிதோறும் நிறுவினார். பெற்றது பொதுமக்கட்கே திரும்பிற்று. திபேரியஸ் தாம் பெற்றதைப் போல் நான்கு மடங்கு தம் கையாலேயே திருப்பியளித்து வந்தார். ஆனால் முதல் நாளிற் காண இயலாதவர் மாதம் முழுவதும் வந்து தொல்லை தரவே, அவ்வழக்கத்தை விடுத்து, முதல் நாளுக்குப் பின் அன்பளிப்பு மாற்றுதலையும் தடுத்தார். கலிகுலாவோ புத்தாண்டு அன்பளிப்பை ஏற்பதாக ஆணை பிறப்பித்து, சனவரி முதல் நாளில் அரண்மனை வாயிலில் தாமே நின்று, மக்கள் கைநிறையவும் மடிநிறையவும் கொணர்ந்து கொட்டிய காசைப் பெற்றுக்கொண்டார். ஒரே வழக்கம், கொடை செல்லுந் திசைக்கேற்ப, அறமாகவும் தொல்லையாகவும் கொள்ளையாகவும் மாறியதனை இம்மூவரிடத்துங் காண்கின்றோம்.

கிறித்தவ சமயம் பரவியபின்னும் இவ்வழக்கம் அழியவில்லை. புனித அகுஸ்தீனார் புத்தாண்டு நாளில் ஆற்றிய சொற்பொழிவொன்றிலே, பிறர் ஸ்திரேனா வழங்குக, நீவிர் ஏழைகட்கு ஈக என்னுங் கருத்தை வற்புறுத்தினார். மீளக் கொடுக்க இயலாதவனுக்குக் கொடுத்தலே கட்டாயத்தினின்றும் விடுபட்ட கொடை என்பது அதன் உட்பொருள். ஆயினும் அரண்மனைகளில் பழைய முறையே நிலைத்தது. இங்கிலாந்திலே முதலாம் எலிசபெத் அரசியின் காலத்துப் புத்தாண்டு அன்பளிப்புச் சுருள்கள் இன்றும் உள்ளன. பிரபுக்கள் அளித்த பொற்காசுப் பைகள் முதல் பணியாளர் அளித்த பலகாரம் வரை யாவும் அவற்றிற் பதியப்பட்டுள்ளன. ஈடாக அரசி அளித்த பொன்முலாம் பூசிய வெள்ளிப் பாத்திரங்களின் நிறையும் அவுன்சுக் கணக்கிற் குறிக்கப்பட்டுள்ளது. அன்பளிப்பு என்பது அங்கே பேரேட்டுக் கணக்காகிவிட்டது.

அங்காடியின் எழுச்சி

அமெரிக்காவிலே வரலாறு வேறொரு வழியிற் சென்றது. மசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலிருந்த தூய்மைவாதக் கிறித்தவர், நத்தார் கொண்டாடுவோர்க்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்து 1659ஆம் ஆண்டிற் சட்டஞ் செய்தனர். அச்சட்டம் 1681ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நத்தார் விழா தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்து குழந்தைகளின் விழாவாயிற்று. புகைபோக்கி வழியாக இறங்கிவந்து விளையாட்டுப் பொருள்களை வைத்துச் செல்லும் புனித நிக்கலஸ் பற்றிய கவிதையொன்று 1823ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே நியூயோர்க் மாநிலப் பத்திரிகையொன்றில் வெளியாகி, எங்கும் பரவியது. இங்கிலாந்திலே 1843ஆம் ஆண்டில் ஹென்றி கோல் என்பவர் அச்சிட்ட நத்தார் வாழ்த்து அட்டைகளை வெளியிட்டார்.

கைத்தொழிற் புரட்சியின் பயனாய்ப் பொருள்கள் மலிந்தன. முன்னர் அன்பளிப்பு பெரும்பாலும் வீட்டிற் செய்யப்பட்டது. இப்பொழுது அது கடையில் வாங்கப்பட்டது. இம்மாற்றத்தின் தீமையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர், அடிமை வாழ்வின் கொடுமையை நாவலாக்கிய ஹரியற் பீச்சர் ஸ்டோவ் அம்மையார். அவர் 1850ஆம் ஆண்டில் எழுதிய நத்தார்க் கதையொன்றிலே, எல்லாம் உடையவர்க்கு இனி எதனை அளிப்பது என்று திகைக்கும் செல்வ மகளொருத்தியைக் காண்கின்றோம். ஒன்றுமில்லாத ஏழைகள் அருகிலேயே இருக்கின்றனர் என்பதே அத்திகைப்புக்கு அக்கதை காட்டும் விடை.

நியூயோர்க்கில் எழுந்த இயக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்கப் பெருநகரங்களின் பல்பொருட் பேரங்காடிகளில் இளம்பெண்கள் பல்லாயிரவர் சிறு சம்பளத்துக்கு வேலை செய்தனர். டிசம்பர் மாதம் அவர்க்குக் கொடுமையான மாதம். கடைசி நேரத்திற் பொருள் வாங்கத் திரள்வோர்க்காக அவர் இரவு நெடுநேரம் வரை நின்று பணிபுரிய வேண்டியிருந்தது. 1899ஆம் ஆண்டு முதல் தேசிய நுகர்வோர் சங்கத்தின் செயலாளராயிருந்த புளோரன்ஸ் கெல்லி அம்மையார் இக்கொடுமையைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தார். நத்தார்ப் பொருள்களை முன்கூட்டியே வாங்குமாறு அச்சங்கத்தார் மக்களை வேண்டினர். வாங்குபவனின் காலந்தாழ்த்தல் விற்பவளின் உடல் நலத்தைக் கெடுக்கும் என்பது அவர் புகட்டிய பாடம்.

இப்பெண்களை வருத்திய வழக்கம் மற்றொன்றும் இருந்தது. நத்தார்க் காலத்திலே தம் மேலதிகாரிகளுக்கு அன்பளிப்பு வழங்குவதற்காக அவர்கள் தம் சம்பளத்திலிருந்து பங்கு செலுத்துதல் வேண்டும். மறுத்தால் வேலைக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் அவரைப் பிணித்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமில் வறியோரை வருத்திய அதே சுமை புதிய உருவில் மீண்டும் எழுந்தது காண்க.

உழைக்கும் பெண்கள் விடுமுறைக்கென்று சிறுகச் சிறுகச் சேமிப்பதற்கு உதவிவந்த குழுவொன்றிலிருந்து, 1912ஆம் ஆண்டின் இறுதியில், ‘பயனற்ற கொடையைத் தடுக்குஞ் சங்கம்’ தோன்றியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ‘ஸ்பக்’ என்று அழைத்தனர். பெருஞ்செல்வராகிய ஜே. பி. மோர்கனின் மகள் ஆன் மோர்கனும், முன்னர் நடிகையாயிருந்த எலினர் றொப்சன் பெல்மன்றும் அதன் முன்னணியில் நின்றனர். அமெரிக்காவின் முன்னாட் சனாதிபதியாகிய தியோடர் ரூஸ்வெல்ற் அதே ஆண்டு டிசம்பரில் அதிற் சேர்ந்தார்.

அன்பினால் விளையும் கொடையை இச்சங்கத்தார் எதிர்த்தாரல்லர். அச்சத்தினாலும் கட்டாயத்தினாலும் விளையும் கொடையையே எதிர்த்தனர். தனியொருத்தி மேலதிகாரிக்குப் பங்கு செலுத்த மறுப்பின் அவள் தண்டிக்கப்படலாம். ஆயிரம் பேர் ஒரு சங்கமாகி மறுப்பின் அது கொள்கையாகும். முதலாம் உலகப் போரின் பேரிரைச்சலில் அவ்வியக்கம் மங்கி மறைந்தது. அதன் வாழ்நாள் குறுகியதேனும், அன்பளிப்பின் விலையைக் கடைக்காரப் பெண்ணும் செலுத்துகின்றாள் என்ற உண்மையை அது ஊரறியச் செய்தது.

பொதியும் பூமியும்

ஸ்பக் இயக்கத்தார் பொருளின் பயனையும் கொடுப்பவரின் துன்பத்தையும் நோக்கினர். அப்பொருள் எதனாற் செய்யப்பட்டது, எதனாற் பொதியப்பட்டது, பயன் தீர்ந்தபின் எங்கே செல்லும் என்னும் வினாக்கள் அவர் காலத்தில் எழவில்லை. எழாதது வியப்பன்று. அக்காலத்தில் அன்பளிப்புகளைப் பெரும்பாலும் மெல்லிய தாளிலேயே சுற்றினர். 1917ஆம் ஆண்டு கன்சாஸ் நகரிலே ஹோல் சகோதரர் நடத்திய கடையில் நத்தார்க் காலத்தில் அத்தாள் தீர்ந்துபோகவே, கடித உறைகளின் உட்புறத்தில் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வந்த அழகிய சித்திரத் தாளை ஒன்று பத்துச் சதமாக விற்றனர். அது விரைந்து விற்றுத் தீர்ந்தது. அந்நிறுவனம் அதன்பின் அத்தகைய தாளைத் தானே அச்சிடலாயிற்று. ஒரு நிமிட நேரத்தில் கிழித்தெறியப்படும் பொருளுக்கென்றே ஒரு தனிக் கைத்தொழில் இங்ஙனம் வளர்ந்தது.

பின்னர்ப் பிளாஸ்ரிக்கு வந்தது. உலோகப் பளபளப்பும் மின்னற்றூளும் ஏறிய பொதிதாள்கள் பலவற்றிலே தாளும் பிளாஸ்ரிக்கும் பிரிக்கவொண்ணாதவாறு ஒட்டியிருத்தலின், அவற்றை மீளத் தாளாக்குதல் அரிது. மின்னற்றூளின் நுண்டுகள்கள் நீரொடு கலந்து கடலைச் சேர்வன. ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்ரிக்கைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2023ஆம் ஆண்டில் இயற்றி, பிளாஸ்ரிக்கினாலான உதிரி மின்னற்றூளின் விற்பனையை அவ்வாண்டு ஒக்டோபர் மாதந் தொட்டுத் தடுத்தது. அன்பளிப்பின் விலையைக் காடும் கடலும் இனிவரும் மக்களும் செலுத்துகின்றனர் என்பதே நம் காலம் கண்ட மூன்றாவது விடை. உரோமின் ஏழை முறையிட்டான். நியூயோர்க்கின் பணிப்பெண் சங்கங் கூட்டினாள். கடலோ வாய்திறந்து முறையிடாது. ஆகலின் அதன் பொருட்டுச் சிந்திக்கும் பொறுப்பு கொடுப்பவனையே சாரும்.

இப்பொறுப்புக்கு வழிகாட்டும் மரபொன்று யப்பானில் உண்டு. அந்நாட்டார் கோடையிலும் ஆண்டிறுதியிலும் தமக்கு உதவியோர்க்கு அன்பளிப்பு வழங்குவர். பொருளை ‘புறொசிக்கி’ எனப்படும் சதுரத் துணியிற் பொதிந்து கொண்டுசெல்வது அவர்தம் பழைய வழக்கம். பொருள்களைத் துணியிற் பொதியும் முறை அங்கு மிகத் தொன்மையானது. நாராவிலுள்ள சோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பொதிதுணிகள் பேணப்பட்டுள்ளன. எதோ காலத்திலே, அதாவது 1603 முதல் 1868 வரையுள்ள காலத்திலே, பொதுக் குளியலறைகளில் உடையைக் கட்டிவைக்கப் பயன்பட்ட துணியின் பெயரே பொதுப்பெயராயிற்று. முறைப்படி அன்பளிப்பு வழங்குவோர் பொருளைத் துணியிலிருந்து எடுத்துக் கையளித்துவிட்டுத் துணியைத் தம்மோடு மீளக் கொண்டுசெல்வர். ஒரு துணி பல்லாண்டு பயன்படும்.

இரண்டாம் உலகப் போரின் பின் தாட்பையும் பிளாஸ்ரிக்குப் பையும் இம்மரபைப் பின்தள்ளின. நோபெல் சமாதானப் பரிசு பெற்ற கெனியா நாட்டு வங்காரி மாதாய் அம்மையார் 2005ஆம் ஆண்டில் யப்பான் சென்றபோது, வீணாக்கலுக்கு இரங்கும் ‘மொத்தைனாய்’ என்னும் யப்பானியச் சொல்லைக் கேட்டு வியந்து, அதனை உலகெங்கும் எடுத்துக் கூறினார். அதற்கடுத்த ஆண்டில், சுற்றாடல் அமைச்சராயிருந்த யூரிக்கோ கொய்க்கே, பழைய பிளாஸ்ரிக்குப் போத்தல்களிலிருந்து எடுத்த நூலால் நெய்த பொதிதுணியொன்றை அச்சொல்லின் பெயராலேயே அறிமுகஞ் செய்தார். சட்டத்தாலன்றி வழக்கத்தாலேயே வீண்செலவைக் குறைக்கலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வரலாறு தரும் பாடம்

பொருளியலறிஞராகிய ஜோயல் வால்ட்போகல் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தாம் பெற்ற நத்தார் அன்பளிப்புகளை, அன்பின் மதிப்பை நீக்கிப் பொருளாக மாத்திரம் மதிப்பிடுமாறு அவர் மாணவரைக் கேட்டார். கொடுத்தோர் செலவிட்ட பணத்திற் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை வீணாயிற்று என்பது அவர் கண்ட முடிபு. நண்பர் அளித்தவற்றில் இழப்புக் குறைவு. பெறுவோரின் விருப்பத்தை அணுக்கமாக அறியாத உறவினர் அளித்தவற்றில் இழப்பு மிகுதி. அன்பின் மதிப்பை ஒதுக்கிவைத்த கணக்கு இஃதாகலின், இதனைக் கொண்டு கொடையே வேண்டாவென்று முடித்தல் தகாது. பெறுபவரை அறிந்து கொடுத்தலே வீணாதலைத் தடுக்கும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

மேற்கூறிய வரலாற்றிலிருந்து மூன்று வினாக்களைத் திரட்டலாம். கொடுப்பவன் அஞ்சிக் கொடுக்கின்றானா, உவந்து கொடுக்கின்றானா? பெறுபவனுக்கு அது வேண்டியதா? அது பயன் தீர்ந்தபின் மண்ணுக்கும் நீருக்கும் என்ன செய்யும்? இவற்றுக்கு நேரிய விடையளிக்கும் அன்பளிப்பு சிறிதாயினும் சிறந்ததாம்.

இவ்வளவைகளால் நோக்குமிடத்து நம் கைவிசேடம் பெரிதும் மதிக்கத்தக்க வழக்கமாகின்றது. அது மூத்தோரிடமிருந்து இளையோருக்குச் செல்வது. ஆகவே அதிலே கீழோர்க்குச் சுமையில்லை. வெற்றிலையோடு வைத்தளிக்கும் சிறு காசில் வாழ்த்தே பெரும்பொருள். அவ்வாறே பனங்கட்டிக் குட்டானும் எண்ணத்தக்கது. உள்ளிருக்கும் இனிப்பும் அதனைப் பொதிந்த ஓலையும் ஒரே மரத்தின் கொடை. எறிந்த ஓலை மண்ணோடு மண்ணாகும். வேறு நாட்டார் அரிதின் முயன்று மீட்கும் முறை நம் வளவுகளில் இன்னும் முற்றாக அழிந்துபோகவில்லை.

கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இவ்வரலாற்றிலே நேரிய பாடமொன்று உண்டு. ஆண்டிறுதியிலோ ஆசிரியர் தினத்திலோ ஒரு வகுப்பினர் தம் ஆசிரியர்க்கு அன்பளிப்பு வழங்க விரும்பி, ஒவ்வொருவரும் இத்துணைப் பணம் தருக என்று விதிக்குமிடத்து, அப்பணத்தை வீட்டிற் கேட்க நாணும் மாணவன் ஒருவன் பின்வரிசையில் இருத்தல் கூடும். பப்ளிசியஸ் காக்க முயன்ற எளியவனும், ஸ்பக் சங்கத்தார் காக்க முயன்ற பணிப்பெண்ணும் அவனே. மாணவர் தம் கையாலெழுதிய வாழ்த்தொன்றே போதுமென்று அவ்வாசிரியர் முன்கூட்டியே கூறிவிடுவராயின், அவ்வகுப்பில் எவனும் தலைகுனிய வேண்டியதில்லை.